செதில் வாளி

பரந்தன் சந்தையில் மீன் வெட்டுகிற செபமாலை
எனக்கென்று ஒரு பெயின்ற் வாளி ஒதுக்கியிருக்கிறார்.
இரணைமடுத் திலாப்பியாவின் செதில் முழுக்க அதற்குள்.
நான் போகும்வரை இலையான்களுடையது,
போனபிறகு பல்கலைக்கழகத்தினுடையது.

"என்னத்துக்குப் பிள்ளை, ஆரும் தின்னாத சாமான்?"
கொலாஜன் எடுக்க, அண்ணை.
"அதென்ன?"
பதிலுக்குள் அவரே குந்தியிருந்தார்:
கத்தியைப் பிடிக்கிற தசைநாண்,
எழும்பும்போது சத்தம் போடுகிற முழங்கால் குருத்தெலும்பு,
விழியின் முன்கண்ணாடி, பல்லின் வேர்,
வெயிலில் கறுத்த அந்தத் தோல்.
மூன்று இழை, ஒன்றையொன்று சுற்றி முறுக்கியது.
"கயிறெண்டு சொல்லன்" என்றார்.
சொன்னேன்.

அறிவியல் நகரில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரே ஒரு பிறிட்ஜ்.
நாலு பாகைக் குளிரில், அமிலத்தில்,
செதில் மெல்ல மெல்லத் தன் சுண்ணாம்பைக் கைவிடும்.
பிறகு தும்புமிட்டாய்போல் வெள்ளையாய் ஒன்று திரளும்.
உலர்த்தினால் கடதாசி.
புண்ணில் வைத்தால் உயிரணுக்கள்
அதைப் பிடித்துப் பிடித்து ஏறி வருமாம்,
வேறு நாட்டில், எலியில் பார்த்திருக்கிறார்கள்.
எங்களிடம் எலி இல்லை.
அனுமதிக் கடிதம் பதினொரு மாதமாய் வந்துகொண்டிருக்கிறது.

செவ்வாய் மத்தியானம் கறண்ட் போனது.
வெளியே முப்பத்தாறு பாகை.
மீனின் கயிறு குளத்துத் தண்ணீரின் சூட்டுக்கு முறுக்கியது,
வன்னி வெயிலுக்கு அல்ல.
பொழுதுபட முன் முறுக்கெல்லாம் அவிழ்ந்து
குடுவைக்குள் கிடந்தது வெறும் ஜெலி,
பிறந்தநாள் வீட்டில் கிண்ணத்தில் தருவார்களே, அது.
வாசம்தான் வேறு.

மானிய விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
உங்கள் பிரதேசத்தில் இதற்குத் தேவை உண்டா?
ஐம்பது சொற்களுக்குள்.
உண்டு, என்று எழுதினேன்.
நாற்பத்தொன்பது இன்னும் கையில் இருக்கிறது.

செபமாலையின் கெண்டைக்காலில் அரையடிக்கு ஒரு தழும்பு.
சாரத்தைத் தூக்கிக் காட்டி, "இதிலயும் உன்ர கயிறோ?"
இதில்தான் அதிகம்.
வெட்டுப்பட்ட உடம்புக்கு அவசரம்,
முதலில் மூன்றாம் வகையை மெல்லிசாய்,
கிடைத்தது கிடைத்தபடி அள்ளிப் போடும்.
பிறகு மாதக்கணக்கில் அதைப் பிரித்துப் பிரித்து ஒன்றாம் வகை.
நல்ல தோலில் இழைகள் பாய்போல் குறுக்கும் மறுக்கும்.
தழும்பில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்.
அங்கே மயிர் வராது. வேர்க்காது.
எத்தனை வருசம் போனாலும்
பழைய வலுவில் எண்பது வீதம்தான்.
"மிச்ச இருபது?"
வராது, அண்ணை.
அவர் அடுத்த மீனை எடுத்தார்.

ஒன்றை அவருக்குச் சொல்லவில்லை.
தழும்பு முடிந்த வேலை இல்லை.
நாள்தோறும் கொஞ்சம் அவிழ்த்து, நாள்தோறும் கொஞ்சம் கட்டுகிறது உடம்பு.
முடிச்சுப் போடத் தேசிக்காயில் இருக்கிற சத்து வேண்டும்.
அது சில மாதம் இல்லாவிட்டால்
எப்போதோ ஆறிய காயம் திரும்ப வாய் திறக்கும்.
பழைய கப்பல்களில் மாலுமிகளுக்குத் திறந்ததாம்.
வாசித்த இரவு எனக்கு ஞாபகம் வந்தது கப்பல் அல்ல,
தறப்பாளுக்குக் கீழே
பருப்பும் சோறும் மட்டும் கிடைத்த மாதங்கள்.

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் நிரோஜா ஒரு ரின் அனுப்பியிருக்கிறாள்.
கொலாஜன் மா. முகம் தொங்காதாம்.
வயிற்றுக்கு அதுவும் பருப்பும் ஒன்று,
இரண்டையும் ஒரேமாதிரித்தான் வெட்டும்.
என்றாலும் பிளேன்ரீயில் கரைத்துக் குடிக்கிறேன்.
அவள் இரட்டை வேலை செய்த காசு.

எலும்பிலும் ஒரு பங்கு இதுதான்.
மண்ணுக்குள் நெடுங்காலம் நிற்கும்,
எடுத்து, எந்தக் காலத்து ஆள் என்று கணிப்பார்கள்.
அந்த அத்தியாயத்தில்
பஸ் ரிக்கற்றை வைத்து மூடியிருக்கிறேன்.

புதன்கிழமை வெறும் வாளியோடு போனேன்.
எல்லாம் பழுதாய்ப் போச்சு, அண்ணை.
"அதுக்கென்ன, குளத்தில மீன் கிடக்குத்தானே."
கத்தி வாலிலிருந்து தலைக்குப் போனது.
செதில் ஒன்று தெறித்து என் மணிக்கட்டில் ஒட்டியது,
கிளிநொச்சி பஸ் வரும்வரை
காய்ந்து, இழுத்துப் பிடித்துக்கொண்டு.